‘சுதந்திர நகரம்’னா யாருக்கு சுதந்திரம்? ஃபேன்டஸி கதைகளிலும் கேம்களிலும் வரும் துறைமுக நகர அரசுகள்: முழு விளக்கம்

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ பார்த்தவர்களுக்கு பிராவோஸ் ஞாபகம் இருக்கும். மூடுபனி, கால்வாய்கள், துறைமுக வாசலில் நிற்கும் பிரம்மாண்ட சிலை, ராஜாக்களுக்கே கடன் கொடுக்கும் இரும்பு வங்கி. ‘பால்டர்ஸ் கேட் 3’ விளையாடியவர்களுக்கு, காடு, குகை, பாழடைந்த ஊர்னு பல மணி நேரம் சுற்றிவிட்டு கடைசியில் போய்ச் சேரும் அந்தப் பெரிய நகரம் ஞாபகம் இருக்கும்.

ஒன்று டிவி தொடர், இன்னொன்று வீடியோ கேம். இரண்டு உலகங்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் இரண்டிலும் வருவது ஒரே வகையான ஊர். அங்கே ராஜா கிடையாது. துறைமுகம் உண்டு. வியாபாரிகள் கையில் அதிகாரம். ‘நாங்க யாருக்கும் கட்டுப்பட்டவங்க இல்லை’ என்ற பெருமையும் உண்டு.

இந்த வகை ஊருக்குப் பெயர்தான் துறைமுக நகர அரசு. ஃபேன்டஸின்னாலே ராஜா, கோட்டை, டிராகன் என்றுதான் நினைப்போம். ஆனால் கிட்டத்தட்ட 90 வருஷமா கதாசிரியர்களும் கேம் உருவாக்குபவர்களும் திரும்பத் திரும்ப வந்து நிற்பது இந்தத் துறைமுகத்தில்தான். ஏன்? இந்த ஊர்கள் எல்லாம் தங்களை ‘சுதந்திர நகரம்’ என்று சொல்லிக்கொள்கிறதே, அந்த சுதந்திரம் யாருக்கு? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை: ‘டிராகன் ஏஜ் 2’, ‘பால்டர்ஸ் கேட் 3’, ‘ஃபீட் ஆஃப் க்ளே’ ஆகியவற்றின் கதை விவரங்கள் சில கீழே வருகின்றன. ஸ்பாய்லர் வேண்டாம் என்பவர்கள் அந்தப் பகுதிகளைத் தாண்டிப் போகலாம்.

நகர அரசு என்றால் என்ன?

ஒரு நகரமே ஒரு நாடு. அவ்வளவுதான். தனிச் சட்டம், தனி நாணயம், தனிக் கப்பல் படை, தனி ஆட்சி. மதில் சுவருக்குள் இருப்பதும் சுற்றியுள்ள கொஞ்சம் நிலமும்தான் அதன் எல்லை.

வரலாற்றில் இதற்கு நிறைய உதாரணங்கள் உண்டு. இத்தாலியில் வெனிஸ், ஜெனோவா. இன்றைய குரோஷியாவில் டுப்ரோவ்னிக், அதன் பழைய பெயர் ரகூசா. வடக்கு ஜெர்மனியில் லூபெக், ஹாம்பர்க் போன்ற ஹன்சா வணிகக் கூட்டமைப்பு நகரங்கள் ஒரு ராஜாவின் கையில் இல்லாமல், பேரரசருக்கு மட்டும் கட்டுப்பட்டு கிட்டத்தட்ட தனி அரசு போலவே இயங்கின.

‘சுதந்திர நகரம்’ என்ற சொல்லுக்கும் ஒரு பின்னணி இருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் பல நகரங்களில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பண்ணையாரின் நிலத்தில் கொத்தடிமை போல இருந்த குடியானவர் தப்பி வந்து, நகர மதிலுக்குள் ஒரு வருஷமும் ஒரு நாளும் பிடிபடாமல் வாழ்ந்துவிட்டால், அதன் பிறகு அவரை யாரும் உரிமை கோர முடியாது.

அதாவது நகரத்துக்குள் நுழைவதே விடுதலை. நாம் பார்க்கப் போகும் கற்பனை நகரங்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த வாக்குறுதி இருக்கிறது. அது காப்பாற்றப்பட்டதா இல்லையா என்பதில்தான் கதையே இருக்கிறது.

கதாசிரியர்களுக்கு ஏன் துறைமுகம் மேல் இவ்வளவு ஆசை?

முதல் காரணம், துறைமுகத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். ஒரு மலை கிராமத்தில் முகம் தெரியாத ஆள் ஒருவர் வந்து நின்றால் ஊரே திரும்பிப் பார்க்கும். துறைமுகத்தில் அது தினசரி நடக்கும் விஷயம். ஒரு மந்திரவாதி, ஒரு கூலிப்படை வீரன், ஒரு திருடி, ஒரு துறவி நான்கு பேரும் ஒரே சத்திரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கேம்களுக்கு இது ரொம்ப வசதி.

இரண்டாவது, ஊர் சின்னது. பெரிய சாம்ராஜ்யத்தில் ஒரு சாதாரண ஆள் மன்னரைப் பார்க்கவே முடியாது. நகர அரசில் ஆட்சியாளர் நான்கு தெரு தள்ளித்தான் இருக்கிறார். கதாநாயகன் செய்யும் ஒரு திருட்டு, ஒரு கொலை, ஒரு உதவி எதுவானாலும் சாயங்காலத்துக்குள் அவர் காதுக்குப் போய்விடும்.

மூன்றாவது, பணம். ராஜ்ஜியங்களில் சண்டை பெரும்பாலும் வாரிசுக்காக. துறைமுகத்தில் சுங்கவரிக்காக, கடனுக்காக, கிடங்குக்காக, எந்தக் கப்பல் முதலில் சரக்கு இறக்குவது என்பதற்காகச் சண்டை நடக்கும். இதெல்லாம் நமக்கும் புரிந்த சண்டைகள்.

எங்கே தொடங்கியது?

நவீன ஃபேன்டஸியில் இந்த வகை நகரத்துக்கு முன்னோடி என்று பெரும்பாலானவர்கள் சொல்வது லங்க்மார். உருவாக்கியவர் அமெரிக்க எழுத்தாளர் ஃப்ரிட்ஸ் லைபர். ஃபாஃபர்ட் என்ற உயரமான வடநாட்டு வீரன், கிரே மவுசர் என்ற குள்ளமான தந்திரக்காரன். இந்த ஜோடி முதன்முதலில் அச்சில் வந்தது 1939-ல். அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு அவர்களின் கதைகள் வந்துகொண்டே இருந்தன. அவர்கள் சுற்றித் திரும்பி வரும் ஊர்தான் லங்க்மார். புகை மூட்டம், குறுகிய சந்துகள், சங்கம் வைத்து நடத்தப்படும் திருட்டுத் தொழில். இன்று எந்த ஃபேன்டஸி கேமில் ‘திருடர் சங்கம்’ வந்தாலும் அதன் வேர் பெரும்பாலும் இங்கேதான் போய் முடியும்.

1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிட்டார்கள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி, பகடை உருட்டி கதையை நகர்த்தும் விளையாட்டு இது. ஆரம்பத்தில் முக்கியம் பாதாளச் சுரங்கங்கள்தான். ஆனால் புதையல் எடுத்த பிறகு அதை விற்க ஒரு ஊர் வேண்டுமே!

அந்தத் தேவைக்கு 1976-ல் வந்தது ‘சிட்டி ஸ்டேட் ஆஃப் தி இன்வின்சிபிள் ஓவர்லார்டு’. ஜட்ஜஸ் கில்ட் என்ற சிறிய நிறுவனத்தின் வெளியீடு. தெருத் தெருவாக, கடை கடையாக வரைபடம் போட்டு ஒரு முழு நகரத்தையே விளையாடுபவர்கள் கையில் கொடுத்த முதல் முயற்சிகளில் இதுவும் ஒன்று. பெயரிலேயே ‘நகர அரசு’ இருப்பதைக் கவனியுங்கள்.

1979-ல் ராபர்ட் ஆஸ்ப்ரின் தொகுத்த ‘தீவ்ஸ் வேர்ல்டு’ தொடங்கியது. சாங்சுவரி என்ற ஒரே ஊரை வைத்து பல எழுத்தாளர்கள் ஆளுக்கொரு கதை எழுதினார்கள். 1987-ல் எட் கிரீன்வுட்டின் ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ உலகம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்குள் வந்தது. வாட்டர்டீப், பால்டர்ஸ் கேட் இரண்டும் அந்த உலகத்து ஊர்கள். 2000-ல் கிரீன் ரோனின் நிறுவனம் ‘டெத் இன் ஃப்ரீபோர்ட்’ வெளியிட்டது. கடல் கொள்ளையர்கள் தங்களுக்கென்று ஒரு அரசு அமைத்தால் எப்படி இருக்கும் என்பதுதான் ஃப்ரீபோர்ட்.

நிஜ வெனிஸ் எவ்வளவு? கற்பனை எவ்வளவு?

கற்பனைத் துறைமுகங்களில் பாதி, வேஷம் போட்ட வெனிஸ்தான். காரணம், நிஜ வெனிஸே ஒரு ஃபேன்டஸி மாதிரிதான் இருந்தது.

கடலோரக் காயலில், மரக் கம்பங்களை சேற்றில் அடித்து அதன் மேல் கட்டிய ஊர். குடிக்கும் தண்ணீருக்கு மழையைத் தொட்டிகளில் சேமித்தார்கள். ஆட்சித் தலைவருக்கு டோஜ் என்று பெயர். அவரைத் தேர்ந்தெடுக்க 1268-ல் ஒரு முறை கொண்டுவந்தார்கள். குலுக்கல், பிறகு வாக்கெடுப்பு, மறுபடி குலுக்கல், மறுபடி வாக்கெடுப்பு என்று பல சுற்றுகள். யாரும் காசு கொடுத்துப் பதவியைப் பிடிக்கக் கூடாது என்பதுதான் நோக்கம்.

வெனிஸின் ஆர்சனல் என்ற கப்பல் கட்டும் தளம் அந்தக் காலத்தின் மிகப்பெரிய தொழிற்சாலைகளில் ஒன்று. 1574-ல் பிரான்ஸ் மன்னர் மூன்றாம் ஹென்றி வந்தபோது, ஒரே நாளுக்குள் ஒரு போர்க்கப்பலைப் பொருத்தி முடித்துக் காட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது. ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் எழுதிய பிராவோஸிலும் ஒரு ஆர்சனல் இருக்கிறது. அங்கேயும் ஒரு நாளில் ஒரு போர்க்கப்பல்!

பிராவோஸின் துறைமுக வாசல் சிலைக்கு முன்னோடி கிரேக்கத் தீவான ரோட்ஸில் இருந்தது. கி.மு. 280 வாக்கில் கட்டப்பட்ட சூரியக் கடவுளின் வெண்கலச் சிலை அது. சுமார் 33 மீட்டர் உயரம். அரை நூற்றாண்டுக்குச் சற்று மேல்தான் நின்றது, பிறகு நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டது. அது துறைமுகத்தின் குறுக்கே கால் விரித்து நின்றது என்பது பிற்காலக் கற்பனை. அந்தக் கற்பனையைத்தான் பிராவோஸில் நிஜமாக்கினார் மார்ட்டின்.

இன்னொரு சுவாரசியம். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் ராஜாவின் தலைநகரமான கிங்ஸ் லேண்டிங்காக வரும் ஊர் பெரும்பாலும் டுப்ரோவ்னிக். நிஜத்தில் அது ராஜாவே இல்லாத ரகூசா குடியரசு! அங்கே ஆட்சித் தலைவரின் பதவிக்காலம் ஒரே ஒரு மாதம். அந்த ஒரு மாதமும் அரசு வேலை தவிர வேறு எதற்கும் அவர் மாளிகையை விட்டு வெளியே வரக் கூடாது. 1416-லேயே அடிமை வியாபாரத்துக்குத் தடை போட்ட ஊர் அது. கொடியில் ‘சுதந்திரம்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லைப் பொறித்து வைத்திருந்தார்கள்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. வெனிஸில் 1297-ல் எடுக்கப்பட்ட ஒரு முடிவுக்குப் பிறகு, ஆட்சி மன்றத்தின் கதவு சில குடும்பங்களுக்கு மட்டும் என்று மெல்ல அடைபட்டது. 1516-ல் யூதர்கள் எல்லாரும் ஒரே தீவுப் பகுதியில்தான் வாழ வேண்டும் என்று உத்தரவு வந்தது. இரவானால் அந்தப் பகுதியின் கதவுகள் பூட்டப்படும். ‘கெட்டோ’ என்ற சொல்லே அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் போனது.

வியாபாரத்துக்கு வா, ஆனால் எங்களோடு வாழாதே. துறைமுக நகரத்தின் இந்த இரட்டை முகத்தை நல்ல கதாசிரியர்கள் தவறவிடுவதில்லை.

பிராவோஸ், வோலான்டிஸ்: ஒரே உலகம், இரண்டு சுதந்திரம்

மார்ட்டினின் உலகத்தில் ‘சுதந்திர நகரங்கள்’ மொத்தம் 9. எல்லாமே தங்களைச் சுதந்திர நகரம் என்றுதான் சொல்லிக்கொள்கின்றன. ஆனால் பிராவோஸையும் வோலான்டிஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சொல்லின் அர்த்தமே மாறிவிடும்.

பிராவோஸ், தப்பி ஓடிய அடிமைகள் உருவாக்கிய ஊர். வலீரியா என்ற டிராகன் பேரரசின் கப்பல்களில் ஏற்றிச் செல்லப்பட்ட அடிமைகள் கலகம் செய்து, கப்பல்களைக் கைப்பற்றி, வடக்கே மூடுபனி நிறைந்த ஒரு காயலில் போய் ஒளிந்துகொண்டார்கள். நூறு வருஷத்துக்கும் மேல் அப்படி ஒரு ஊர் இருப்பதே வெளியே தெரியாது. அங்கே அடிமை முறைக்கு இடமே இல்லை. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து உருவாக்கியதால் எல்லா மதங்களுக்கும் கோயில் உண்டு.

வோலான்டிஸ் நேர் எதிர். ரோய்ன் ஆற்றின் கழிமுகத்தில் இருக்கும் பழமையான நகரம். ஆண்டுதோறும் தேர்தல் நடக்கும், மூன்று ஆட்சியாளர்கள் தேர்வாவார்கள். போர் வேண்டும் என்பவர்கள் புலிக் கட்சி, வியாபாரம் வேண்டும் என்பவர்கள் யானைக் கட்சி. கேட்க ஜனநாயகம் மாதிரி இருக்கிறதா? ஆனால் அங்கே ஒரு சுதந்திர மனிதருக்கு ஐந்து அடிமைகள். அவர்களின் முகத்தில் செய்யும் வேலைக்கு ஏற்ப பச்சை குத்தியிருக்கும். தேர்தல் நடப்பதாலேயே ஒரு ஊர் சுதந்திரமானது ஆகிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இரண்டுக்கும் நடுவில் பென்டோஸ். பிராவோஸோடு நடந்த போர்களில் தோற்ற பிறகு, ஒப்பந்தப்படி அங்கே அடிமை முறை சட்டவிரோதம். ஆனால் பணக்காரர்களின் மாளிகையில் வேலைக்காரர்கள் கழுத்தில் வெண்கலப் பட்டையோடுதான் நடமாடுகிறார்கள். பெயர் மட்டும் மாறியிருக்கிறது. சட்டம் ஒன்று, நடைமுறை ஒன்று என்பது நமக்கும் புதிதில்லையே!

திருடனுக்கும் ரசீது: ஆங்க்-மோர்போர்க்

இதே விஷயத்தை சிரிக்கச் சிரிக்கச் சொன்னவர் பிரிட்டிஷ் எழுத்தாளர் டெர்ரி பிராட்செட். 1983-ல் தொடங்கிய அவரது ‘டிஸ்க்வேர்ல்டு’ வரிசையில் 41 நாவல்கள். அதில் பல நடக்கும் ஊர் ஆங்க்-மோர்போர்க். ஆற்றில் தண்ணீரை விட சேறு அதிகம், நடந்தே போகலாம் என்கிற அளவுக்கு.

இங்கே திருடர் சங்கம் அரசாங்க அங்கீகாரம் பெற்றது. வருஷத்துக்கு இவ்வளவு திருட்டு என்று ஒதுக்கீடு. திருடியவர் ரசீது கொடுத்துவிட்டுப் போவார். லைசென்ஸ் இல்லாமல் திருடினால் சங்கமே கவனித்துக்கொள்ளும். லைபரின் லங்க்மாரைக் கிண்டல் செய்ய ஆரம்பித்த விளையாட்டு, போகப் போக ஒரு நிஜ நகரமாகவே வளர்ந்துவிட்டது.

காரணம், குடியேற்றம். குள்ளர்கள், பூதங்கள், இன்னும் பல இனத்தார் பிழைப்பு தேடி அந்த ஊருக்கு வருகிறார்கள். பழைய பகையும் கூடவே வருகிறது. நகரக் காவல் படை அவர்களையும் வேலைக்கு எடுக்க ஆரம்பித்ததும் என்ன நடக்கிறது என்பதுதான் 1993-ல் வந்த ‘மென் அட் ஆர்ம்ஸ்’.

1996-ல் வந்த ‘ஃபீட் ஆஃப் க்ளே’ நாவலில் டார்ஃபில் என்று ஒரு களிமண் மனிதன் வருகிறான். இரவு பகலாக உழைப்பான், பேச மாட்டான். அவன் ஒரு பொருள், இன்னொருவருக்குச் சொந்தம். ஒரு காவலர் அவனை விலைக்கு வாங்கி, வாங்கிய ரசீதை அவன் தலைக்குள்ளேயே வைக்கிறார். அப்படியென்றால் அவனுக்கு அவனே சொந்தம்! பிறகு டார்ஃபில் சம்பளம் வாங்கி, அதைச் சேமித்து, மற்ற களிமண் மனிதர்களையும் விலை கொடுத்து விடுவிக்கத் திட்டமிடுகிறான். பணம்தான் எல்லாம் என்கிற ஊரில், விடுதலையும் ஒரு ரசீதாகத்தான் வருகிறது.

முகமூடி ஆட்சி, ரகசிய ஒப்பந்தம்

ராஜா இல்லை என்றால் ஆட்சி யார் கையில்?

வாட்டர்டீப் நகரத்தை ஆள்வது பிரபுக்கள் குழு. அதில் ஒருவர் மட்டும் முகம் தெரிந்தவர். மற்றவர்கள் எல்லாரும் முகமூடி அணிந்துதான் சபைக்கு வருவார்கள். யார் என்றே தெரியாததால் லஞ்சம் கொடுக்கவோ மிரட்டவோ முடியாது என்பது ஒரு வாதம். யார் என்றே தெரியாதவரிடம் எப்படிக் கணக்கு கேட்பது என்பது எதிர்வாதம்.

2018-ல் வந்த ‘வாட்டர்டீப்: டிராகன் ஹைஸ்ட்’ என்ற விளையாட்டுப் புத்தகம் அந்த எதிர்வாதத்தை வைத்தே உருவானது. முகம் தெரிந்த அந்த முன்னாள் தலைவரே ஊர்ப் பணத்தில் 5 லட்சம் பொற்காசுகளைச் சுருட்டி ஒளித்து வைத்துவிட்டார். அதைத் தேடி நான்கு வில்லன்களும், நடுவில் மாட்டிக்கொள்ளும் விளையாட்டு வீரர்களும். கற்பனை ஊரின் ஊழல் புகார் என்றாலும் கேட்ட மாதிரியே இருக்கிறது இல்லையா?

2006-ல் ஸ்காட் லிஞ்ச் எழுதிய ‘தி லைஸ் ஆஃப் லாக் லமோரா’வில் வரும் கமோர் இன்னும் காரமானது. கால்வாய்கள் நிறைந்த, வெனிஸ் சாயல் கொண்ட ஊர். அங்கே திருடர் தலைவனுக்கும் அரசுக்கும் ஒரு ரகசிய சமாதானம் இருக்கிறது. பிரபுக்களிடம் மட்டும் கை வைக்கக் கூடாது. மற்றபடி கடைக்காரன், மீனவன், கூலிக்காரன் யாரிடம் வேண்டுமானாலும் திருடிக்கொள்ளலாம். ஊர் அமைதியாகத்தான் இருக்கிறது. அந்த அமைதிக்கான விலையைக் கொடுப்பவர்கள் யார் என்பதுதான் கேள்வி.

வாசலில் நிற்கும் அகதி: கர்க்வால்

நாவலில் நாம் வாசகர். கேமில் நாமே அந்த ஊருக்குள் நுழைய வேண்டும். அந்த வித்தியாசத்தைச் சரியாகப் பயன்படுத்தியது 2011-ல் பயோவேர் நிறுவனம் வெளியிட்ட ‘டிராகன் ஏஜ் 2’.

கதை நடக்கும் இடம் கர்க்வால். ஒரு காலத்தில் அடிமை வியாபாரத்தின் மையம். இப்போது சுதந்திர நகரம். ஆனால் கப்பல் உள்ளே நுழையும்போது இரு பக்கமும் முகத்தைப் பொத்திக்கொண்டு நிற்கும் அடிமைகளின் பிரம்மாண்ட சிலைகள் தெரியும். யாரும் அவற்றை அகற்றவில்லை.

கதாநாயகனின் குடும்பம் போரிலிருந்து தப்பி அகதியாக அங்கே வந்து இறங்குகிறது. உள்ளே விட மறுக்கிறார்கள். ஊரில் ஏற்கெனவே கூட்டம் அதிகம், இடமில்லை என்று பதில் வருகிறது. கடைசியில் ஒரே வழி. கடத்தல்காரர் அல்லது கூலிப்படை, இருவரில் ஒருவரிடம் ஒரு வருஷம் வேலை செய்து நுழைவுக் காசைக் கழிக்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். இடைக்கால நகரங்களில் ஒரு வருஷமும் ஒரு நாளும் தங்கினால் அடிமைத்தனம் முடியும். கர்க்வாலிலோ சுதந்திர நகரத்துக்குள் நுழையவே ஒரு வருஷம் கொத்தடிமையாக உழைக்க வேண்டும். அந்த வாக்குறுதியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

பயம் வந்தால் என்ன ஆகும்? பால்டர்ஸ் கேட்

2023-ல் பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டுடியோஸ் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’, அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதை ‘தி கேம் அவார்ட்ஸ்’ மேடையில் வென்றது. இந்த ஊரின் பின்கதையே ஒரு அரசியல் பாடம்.

பால்டுரான் என்ற மாலுமி கொண்டு வந்த செல்வத்தில் ஊருக்கு மதில் கட்டினார்கள். ஆனால் மதில் காத்தது மேட்டு நிலத்தில் இருந்தவர்களைத்தான். துறைமுகம் வெளியே நின்றது. தங்கள் சரக்கையே உள்ளே கொண்டுபோக மாலுமிகள் வரி கட்ட வேண்டிய நிலை. பொறுத்துப் பார்த்த கப்பல் தலைவர்கள் கலகம் செய்து ஆட்சியைப் பிடித்தார்கள். அவர்களில் மூத்த நான்கு பேர் தங்களைக் கேலியாக ‘டியூக்’ என்று அழைத்துக்கொண்டார்கள். கேலியாக வந்த பட்டம் நிரந்தரமாகிவிட்டது. அன்று வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வழி வந்தவர்கள்தான் இன்று மதிலுக்குள் இருந்துகொண்டு மற்றவர்களை வெளியே நிறுத்துகிறார்கள்.

கேமில் நாம் ஊரை நெருங்கும்போது போர் வாசலுக்கு வந்துவிட்டது. அகதிகள் மதிலுக்கு வெளியே முகாமில். உள்ளே எல்லாருக்கும் பயம். அந்தப் பயத்தைப் பயன்படுத்தி கோர்டாஷ் என்பவர் நான்கு பேர் ஆட்சியை ஒரே ஆள் ஆட்சியாக மாற்றிக்கொள்கிறார். அவரது இயந்திரக் காவலர்கள் தெருவில் ரோந்து போகிறார்கள். மக்களும் நிம்மதியாகத்தான் இருக்கிறார்கள். அந்த இயந்திரங்களைச் செய்யும் தொழிலாளர்களின் குடும்பங்கள் பணயக் கைதிகளாக கடலுக்கடியில் சிறையில் இருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரியும்.

ஊரின் செய்தித்தாள் கூட அவர் பக்கம்தான். நம் கதாபாத்திரத்தைப் பற்றியே தப்பான செய்தி அச்சாகத் தயாராக இருக்கும். இரவோடு இரவாக அச்சகத்துக்குள் புகுந்து அதை மாற்றலாம். மாற்றாவிட்டால் அடுத்த நாள் கடைக்காரர்கள் நம்மிடம் பேசும் விதமே மாறிவிடும்.

எதிரி மதிலை உடைத்ததால் இங்கே சுதந்திரம் போகவில்லை. பயந்துபோய் ஊரே எடுத்துக் கொடுத்துவிட்டது.

நிஜத்தில் என்ன ஆனது?

வெனிஸின் முடிவும் இதிலிருந்து ரொம்ப தூரம் இல்லை. 1797-ல் நெப்போலியன் படை நெருங்கியபோது, அந்த ஆண்டு மே 12-ம் தேதி ஆட்சி மன்றமே கூடி, குடியரசைக் கலைத்துவிடுவதாக வாக்களித்தது. ஆயிரம் ஆண்டுக் கதை ஒரு வாக்கெடுப்பில் முடிந்தது. ரகூசா 1808-ல் அதே நெப்போலியன் ஆட்சியில் கலைக்கப்பட்டது.

ஆனால் இந்த வகை ஊர்கள் முழுக்க மறைந்துவிடவில்லை. ஹாம்பர்க் இன்றும் ஜெர்மனியில் தனி மாநில அந்தஸ்தோடு ‘சுதந்திர ஹன்சா நகரம்’ என்ற பெயரை வைத்திருக்கிறது. முழு நாடாகவே இருக்கும் துறைமுக நகரம் என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது சிங்கப்பூர். 1965-ல் தனி நாடானது. அங்கே தமிழும் ஒரு அதிகாரபூர்வ மொழி. துறைமுகத்துக்குப் பிழைக்க வந்தவர்களின் மொழி ஆட்சி மொழியானதற்கு நிஜ உலகில் அது ஒரு உதாரணம்.

நீங்களே ஒரு நகரம் உருவாக்கினால்?

கதை எழுதுபவர்கள், நண்பர்களோடு ரோல் பிளேயிங் கேம் நடத்துபவர்கள், அல்லது ஒரு கற்பனை ஊர் உருப்படியா இல்லையா என்று பார்க்க நினைப்பவர்கள் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. சோறும் தண்ணியும் எங்கிருந்து? மதிலுக்குள் வயல் இருக்காது. வெனிஸ் மழைநீரை நம்பியது. சிங்கப்பூர் இன்றும் 1962 ஒப்பந்தப்படி மலேசியாவின் ஜோகூரிலிருந்து தண்ணீர் வாங்குகிறது, 2061 வரை. தண்ணீர் கொடுப்பவர் கோபித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதே ஒரு முழுக் கதை.

2. பக்கத்துப் பெரிய ராஜ்ஜியம் ஏன் இன்னும் பிடிக்கவில்லை? பிராவோஸ் ஒளிந்துகொண்டது, பிறகு எல்லாருக்கும் கடன் கொடுத்தது. ரகூசா ஒட்டோமான் சுல்தானுக்கு ஆண்டுதோறும் கப்பம் கட்டியது. காரணம் சொல்லாத நகரம் நம்பும்படி இருக்காது.

3. மன்றத்தில் யாருக்கு இடம்? யாருக்கு இல்லை? பட்டியல் போட்டால் வில்லன்களும் நாயகர்களும் தானாகவே கிடைப்பார்கள்.

4. கப்பலில் வரும் புது ஆளுக்கு முதல் நாள் என்ன நடக்கும்? ரகூசா 1377-லேயே கொள்ளைநோய் பரவிய ஊர்களிலிருந்து வருபவர்களை 30 நாள் தனியே வைத்தது. சுங்கம், நோய்ச் சோதனை, தங்க இடம், மொழி என்று இதில்தான் ஊரின் குணம் தெரியும்.

5. ஊர் எதைப் பார்த்துப் பயப்படுகிறது? அந்தப் பயத்தை வைத்து யார் லாபம் பார்க்கிறார்கள்?

புதிதாக ஆரம்பிப்பவர்கள் எங்கே தொடங்கலாம்?

நாவல் என்றால் ‘தி லைஸ் ஆஃப் லாக் லமோரா’ விறுவிறுப்பானது. சிரிக்க வேண்டும் என்றால் பிராட்செட்டின் காவல் படைக் கதைகள், முதலில் 1989-ல் வந்த ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’. பழைய ருசி வேண்டும் என்றால் லைபரின் ‘இல் மெட் இன் லங்க்மார்’. 1970-ல் வந்த இந்தக் குறுநாவல் ஹ்யூகோ, நெபுலா இரண்டு விருதுகளையும் வென்றது. கேம் என்றால் ‘டிராகன் ஏஜ் 2’, ‘பால்டர்ஸ் கேட் 3’. இரண்டாவதுக்கு நேரம் நிறைய வேண்டும், வன்முறையும் பெரியவர்களுக்கான காட்சிகளும் உண்டு. குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

எதில் தொடங்கினாலும், அடுத்த முறை ஒரு கற்பனை நகரத்தின் வாசலில் ‘சுதந்திர நகரம் வரவேற்கிறது’ என்று பலகை தெரிந்தால், உள்ளே ஓடுவதற்கு முன் மதிலுக்கு வெளியே ஒரு நிமிடம் பாருங்கள். அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பலகை உண்மையா, விளம்பரமா என்று சொல்ல முடியும்.